தவில் கற்ற ராக் டிரம்மர்

யான், குரூண், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று கெடாவில் எந்த ஊர்க் கோயிலில் திருவிழா வந்தாலும் தவில் முழங்கும். ரதத்தின் பின்னால் இளைஞர்களின் உறுமி மேளம் வரும். அந்த இளைஞர்களில் ஒருவர் அடுத்த வாரம் ஏதாவது கல்யாண மண்டபத்தில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருப்பார். டிரம்ஸையும் தவிலையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டு, உலகின் பல மேடைகளில் வாசித்துப் பிழைத்த ஒரு கலைஞரைப் பற்றியது இன்றைய உரை. அவர் பெயர் ரமேஷ் ஷோத்தம்.

1948இல் சென்னையில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில், கிதார் வாசித்த சகோதரர் சுரேஷுடன் 'ஹியூமன் பாண்டேஜ்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பின்னாளில் ஜாஸ் பாடகியாகப் பெயர் பெற்ற ராதா தாமஸ் அந்தக் குழுவில் பாடினார். அன்றைய இந்தியாவில் ராக் குழு நடத்துவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நல்ல கிதாரோ டிரம்ஸோ கிடைப்பதே அரிது. சினிமாப் பாட்டு கோலோச்சிய நாட்டில் ஓட்டல்களும் கல்லூரி விழாக்களும்தான் இவர்களுக்கு மேடை.

அதே காலத்தில் நமக்குப் பக்கத்திலேயே, பினாங்கில், டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் 'அலிகேட்ஸ்' குழுவோடு வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துத் தேறிய பிறகு, மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். ரமேஷின் பாதை வேறு திசையில் திரும்பியது.

ராக் டிரம்மராக ஊரறிந்தவரான பிறகு, அவர் மாணவராகப் போய் உட்கார்ந்தார். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியக் கல்லூரியில் தவில் பயின்றார். கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவையும் அவர் கைக்கு வந்தன.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தவிலைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். டிரம்ஸில் இரண்டு கையிலும் குச்சி, இரண்டு காலுக்கும் வேலை. தவிலில் இடக்கையில் மட்டும் குச்சி. வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகள். ராக் பாட்டு பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடக்கும். தவில்காரரோ மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நடையை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு, கோர்வை என்ற முத்தாய்ப்புத் தொடர் முடியும்போது சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டும். அந்தக் கணக்கை முதலில் வாயால் சொல்லிப் பழக வேண்டும். சொல் நாக்கில் நின்றால்தான் கை பேசும்.

இந்தப் பயிற்சிதான் அவருக்குக் கடல் கடந்து வாழ்வு தந்தது. ஐரோப்பிய இசைக்கலைஞர்கள் தென்னிந்தியத் தாளத்தைத் தேடிவந்த காலம் அது. மியூனிக் நகரின் 'எம்பிரியோ' என்ற ராக் குழு, 1978இல் பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே இந்தியாவுக்குப் புறப்பட்டது. அந்தத் தேடல் சூழலில்தான் 1980களில் ரமேஷ் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறினார்.

அங்கே அவரோடு நெடுங்காலம் வாசித்த ஒருவருக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ, 1960களின் பிற்பகுதியில் கோலாலம்பூருக்கு வந்தார். நம் ரேடியோ மலேசியா இசைக்குழுவினருக்குப் பயிற்சி தருவதுதான் அவர் வந்த வேலை. வந்த இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்தார்; தாமே கற்றார்; பிறகு தென்னிந்தியாவுக்கும் போய்ப் பயின்றார். கொலோனில்தான் 2009இல் காலமானார். கோயில் நாதஸ்வரத்தைக் கற்ற அமெரிக்கரும் கோயில் தவிலைக் கற்ற சென்னை டிரம்மரும் ஜெர்மன் மேடையில் அருகருகே நின்று வாசித்திருக்கிறார்கள். இதைக் கேட்க நமக்குப் பெருமையாக இல்லையா?

ரமேஷின் பிழைப்பு பெரும்பாலும் மற்றவர்களின் குழுவில்தான். லெபனானில் பிறந்த ரபி அபூ கலீல், ஊத் என்ற நரம்பு வாத்தியக் கலைஞர். நம் மலாய் இசையின் காம்புசுக்கு அது நெருங்கிய உறவு. 1988இல் வந்த 'புக்ரா', 1990இல் பதிவான 'அல் ஜதீதா', 1992இல் வந்த 'புளூ கேமல்' ஆகிய அவருடைய இசைத்தட்டுகளில் தென்னிந்தியத் தாளம் ரமேஷின் கையிலிருந்து வருகிறது. 'புளூ கேமல்' தட்டில் மரியானோவும் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது ரபியின் பெயர். ஆனாலும் அரபு இசையின் சிக்கலான தாளங்களுக்குத் தவில் கணக்கு தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது, அழைப்பு மீண்டும் மீண்டும் ரமேஷுக்கே போனது. கூலிக்கு வாசிக்கும் கலைஞனுக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டியதில்லை.

தமக்கென்று அவர் அமைத்த குழுவின் பெயர் 'மெட்ராஸ் ஸ்பெஷல்'. ஐரோப்பியக் கலைஞர்களோடு சேர்ந்து தாம் இயற்றிய இசையை அதில் வாசித்தார். ஜெர்மனியில் வாழ்ந்தபடியே, பிறந்த ஊரின் பெயரைக் குழுவுக்குச் சூட்டியிருக்கிறார்.

நேயர்களே, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாளம் கையிலேயே இருக்கிறது. உறுமி மேளக் குழுக்களைப் பார்த்தாலே அது தெரியும். குறைவது முறையான கல்வி. திருவிழாவுக்குத் தவில் வித்வானை வரவழைக்கும் கோயில் நிர்வாகங்கள், வாரத்தில் ஒரு மாலை அவர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் ஏற்பாடு செய்யட்டும். பெற்றோர் "இதெல்லாம் சோறு போடுமா?" என்று தடுக்காமல் அனுப்பட்டும். தம்பி, தங்கைகளே, டிரம்ஸை விட்டுவிட வேண்டாம். அதோடு தவிலையும் கற்றுக்கொள்ளுங்கள்.