வலியோடு படுக்கும் இராத்திரி



கூடைக் கயிறு தலையை இழுக்க, சரிவிலே நாள் முழுக்க நின்று நம்ம பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் இராத்திரியில்தான் கணக்குக் கேட்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும்; வலி கூடினால் மறுபடி தூக்கம் கெடும். தெமோதரை ஸ்டேஷனைச் சுற்றிவந்து அதன் அடியிலேயே நுழைகிற ரயில் மாதிரிதான்.

நாங்கள் சொல்வது செலவில்லாத வழி. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும் மடித்த போர்வையை வையுங்க. வலிக்கிற தோள்மேல் படுக்காதீங்க. படுக்குமுன் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்க. அதோடேயே தூங்கிவிட வேண்டாம். பொழுது சாய்ந்தபின் தேத்தண்ணியைக் குறையுங்க. எழும்பும்போது ஒருபக்கம் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்க.

கடையில் வாங்கும் வலிக்குளிசையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். மூட்டு வீங்கினாலோ, விடியலில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, "வேலை செஞ்ச வலிதானே" என்று இருக்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆம்பளைகளுக்கும் ஒரு வார்த்தை: மலையிலிருந்து இறங்கியபின் தண்ணிக் குடத்தையும் விறகையும் நாமே தூக்குவோம். அதுவும் மருந்துதான்.