கிணற்றின் ஊற்றும் கணினியின் வலுவும்



நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைத்த கமக்காரர், பெரிய நீரிறைக்கும் இயந்திரம் வாங்குமுன் கிணற்றின் ஊற்றைக் கணித்துக்கொள்வார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் நன்னீர் மேலும் உவர்நீர் கீழுமாய் நிற்கின்றன. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும், தோட்டமும் வாடும்.

அதே முன்யோசனை கணினிக்கும் வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திற் புதிய கிராபிக்ஸ் அட்டை வாங்க எண்ணும் மாணவர், முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, கணினியைத் திறந்து, மின்வழங்கியில் ஒட்டியுள்ள விவரச்சீட்டைப் படித்தல் வேண்டும். மின்வழங்கியையே திறத்தல் ஆகாது; இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

சீட்டில் 350 வாற்று என்றிருப்பதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. 12 வோல்ற் வழியில் எத்தனை அம்பியர் கிடைக்கின்றது? செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் பெரும்பாலும் அவ்வழியாலேயே வலுப் பெறுகின்றன. 18 அம்பியர் எனின், 12 ஆற் பெருக்க வருவது 216 வாற்றுத்தான். அட்டைக்கு 170, செயலிக்கு 65, ஏனையவற்றுக்கு 40 எனக் கூட்டினால் 275. ஊற்றுப் போதவில்லை! வேலை மிகும் வேளையிற் கணினி திடீரென அணையும். சேமித்துவையாத எழுத்தெல்லாம் அழியும்.

ஆகவே, அட்டையைச் செய்தவர் குறித்துள்ள வாற்று அளவையும், அதற்குரிய 6 முனை, 8 முனை இணைப்புகள் உண்டோ என்பதையும் பாருங்கள். தேவைக்குமேல் மூன்றிலொரு பங்கு மிச்சம் நிற்குமாறு மின்வழங்கியைத் தெரிவுசெய்யுங்கள். கடைக்குப் போகுமுன் கடதாசியிற் போடும் இச்சிறு கூட்டல் பெருநட்டத்தைத் தவிர்க்கும்.