மட்காவும் ஆப்ஷனும்

(செம்பூர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பங்குச்சந்தைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணம் எங்கே போயிற்று என்று செம்பூர்த் தாய்மார்கள் நம்மிடம் வந்து கேட்கிறார்களே, அந்தச் சம்பந்தம்தான்.

மூத்தவர்கள் மட்காவை மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை மீது பணம் கட்டியதில் பிறந்த சூது அது. 1960களில் பருத்தி போய், பானையில் எண் எடுக்கும் ஆட்டமாயிற்று. எத்தனை மில் தொழிலாளியின் கூலி அதில் கரைந்தது! மட்கா ஆடியவன் ஒளிந்து ஆடினான். இன்று பிள்ளை கட்டிலில் படுத்தபடி கைப்பேசியில் ஆப்ஷன் ஆடுகிறான். சட்டப்படி நடப்பது, ஆகவே வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பங்கு வாங்கி வைப்பது வேறு. விலை இறங்கினாலும் காத்திருக்கலாம். ஆப்ஷன் வாங்குவது, குறித்த நாளுக்குள் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கட்டும் பணம். கணிப்பு தவறி நாள் முடிந்தால் கட்டியது முழுதும் போயிற்று.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மூன்று நிதியாண்டுகளில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நான்கில் மூவர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்றவர்கள். பணம் ஆவியாகிவிடவில்லை. 2023-24இல் சொந்தக் கணக்கில் ஆடிய தரகு நிறுவனங்கள் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் 28,000 கோடியும், செலவு கழிக்கும் முன், லாபம் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி கணினிகள் தாமே போட்ட வியாபாரம். நம் பிள்ளையின் கட்டைவிரலுக்கு எதிரே நின்றது அந்தக் கணினி!

அரசும் செபியும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் பரிவர்த்தனை வரியை உயர்த்தினார்கள். நவம்பரில் புதிய ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாயிற்று. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களும் குறைக்கப்பட்டன. ஆடுவோர் தொகை குறைந்தது உண்மை. ஆனால் இழப்பு? 2023-24இல் 74,812 கோடி. 2024-25இல் 1,05,603 கோடி. புது விதிகள் அந்த ஆண்டின் பிற்பாதியில்தான் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் 100க்கு 91 பேர் இழந்தவர்களே.

இழந்த பிள்ளையைத் திட்டி விரட்டாதீர்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கி மறுபடி ஆடுவான். வரும் ஞாயிறு தரகுக் கணக்கோடு அவனையும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். எந்தச் செயலியில் எவ்வளவு கடன், எந்த நகை எந்தக் கடையில் என்று முதலில் ஒரு தாளில் எழுதுவோம்.