மகளின் மௌனம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்மக்களைப் பெற்ற தந்தையின் பேறு குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்துள்ளனர். அல்லாஹ் எங்களுக்கு மூன்று பெண்மக்களை அருளினான். எனவே நாங்கள் அனுபவித்ததை மட்டுமன்றி, இழந்ததையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பெண் பிறந்த செய்தி கேட்டதும் முகம் கறுத்து, மக்களின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்ட அறியாமைக் கால மனிதர்களைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் கண்டிக்கின்றது. அக்காலம் மறைந்துவிட்டது. ஆயினும் பெண் பிறந்த அன்றே எத்தனை பவுன் சேர்க்க வேண்டுமெனக் கணக்கிடும் மனம் நம்மிடையே இன்னும் மறையவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைனப், ருகையா, உம்மு குல்தூம், ஃபாத்திமா (ரலி) ஆகிய நான்கு பெண்மக்களின் தந்தையாக வாழ்ந்தார்கள். ஃபாத்திமா (ரலி) வந்தால் எழுந்து சென்று, முத்தமிட்டு, தம் இருக்கையில் அமர்த்துவார்கள். மகள் வயிற்றுப் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள். ஸஜ்தாவின்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். இரு பெண்மக்களைப் பருவமடையும் வரை பொறுப்புடன் வளர்த்தவர், மறுமையில் சேர்ந்திருக்கும் இரு விரல்களைப் போலத் தம்மோடு நெருங்கியிருப்பார் என்றும் நற்செய்தி கூறினார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த நாங்கள்தாம், மூத்தவள் பால்குடிப் பருவத்தில் இருந்தபோது, 1985ஆம் ஆண்டில் பிழைப்புக்காக வளைகுடா சென்றோம். இரண்டாண்டு கழித்து முதல் விடுப்பில் வந்தபோது, அவள் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க யாரு?" என்று கேட்டாள். பின்னர் அவள் மழலையில் ஓதிய சூராக்களை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினார்கள். அறைத் தோழர்கள் உறங்கிய பின், நாடா தேயும் வரை அதைக் கேட்டோம்.

1998இல் ஊர் திரும்பியபோது மூன்றாமவளுக்கு வயது இரண்டு. அவளிடம்தான் தந்தையாக இருப்பதன் இனிமையை அறிந்தோம். கைபிடித்து மக்தபுக்கு அழைத்துச் சென்றது, கோணலாகத் தலைபின்னி அவளிடம் ஏச்சு வாங்கியது, எங்கள் ஓதலில் இருந்த பிழையை அவள் திருத்தியது, நோன்பு திறக்கும் வேளையில் தன் பங்கு வடையில் பாதியை "அத்தாவுக்கு" என்று எடுத்து வைத்தது: இவையே எங்கள் செல்வங்கள். அவள் செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே, அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

2003இல் மூத்தவளுக்கு நல்ல சம்பந்தம் வந்தது. சம்மதமா என்று கேட்டோம். தலைகுனிந்து மௌனமாக நின்றாள். கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழி நினைவுக்கு வர, மகிழ்ந்து சொல்லியனுப்ப எழுந்தோம். அப்போது அவள் தாய் எங்களைத் தடுத்து, "இது சம்மதம் இல்லீங்க, பயம். படிப்பை முடிக்கணும்னு ஆசைப்படுறா. உங்ககிட்ட சொல்லத் தெரியலை" என்றார்.

இளையவளின் காலடி ஓசையைக்கூட அறிந்த எங்களுக்கு, மூத்தவளின் மௌனத்தை வாசிக்கத் தெரியவில்லை. பெண்ணின் விருப்பத்தைக் கேட்பது கடமை. வெட்கத்தால் அடங்கும் மௌனத்தையும் அச்சத்தால் அடங்கும் மௌனத்தையும் பிரித்தறிய, அவளுடன் வாழ்ந்த தந்தையால்தான் இயலும். அன்று அச்சம்பந்தத்தை மரியாதையுடன் தவிர்த்தோம். பட்டப்படிப்பையும் ஆசிரியர் பயிற்சியையும் முடித்த பின், 2006இல் அவள் தன் வாயாலேயே சம்மதம் சொல்லி நிக்காஹ் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்பர்களே! பிழைப்புக்காகக் கடல் கடப்பதைக் குறை கூற நாங்கள் வரவில்லை. எங்கள் காலத்தில் ஒலிநாடா இருந்தது. இன்று முகம் பார்த்துப் பேசும் கைப்பேசி இருக்கின்றது. பணம் வந்ததா, கட்டணம் கட்டியாயிற்றா என்று மனைவியிடம் கேட்டதோடு அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். மகளை அழைத்து, இன்று என்ன ஓதினாய், யாருடன் விளையாடினாய் என்று கேளுங்கள். விடுப்பில் வந்தால் நீங்களே பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளூரில் இருந்தும் கடையடைத்து நள்ளிரவில் வீடு திரும்பும் தந்தையர்க்கும் இதையே சொல்கின்றோம். பவுனைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம்; மகளின் மழலைப் பருவம் மீண்டும் வாராது.

நம் பெண்மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், அவர்களின் மனத்தை அறிந்த தந்தையராக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.