முதலில் ஒரு மாதம் பழகட்டும்

(ஆண்டு விழாவில் தாயார் ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு மகனை வளர்த்தவள் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு உண்டு.

நம் சிங்கப்பூரில் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் விரிவுபட்டது. நல்லது. ஆனால் சிறப்புப் பள்ளி பெரும்பாலோருக்கு 18 வயதோடு முடிந்துவிடும். அதன்பின் அதிக உதவி தேவைப்படுவோர்க்குப் பகல்நேர நடவடிக்கை நிலையங்கள் இருக்கின்றன. 2013இல் தோன்றிய எஸ்ஜி எனேபிள் அமைப்பின் வழியாக விண்ணப்பித்து, இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கிடைத்த இடம் என்பதாலேயே கேள்வி கேட்கப் பெற்றோருக்குத் துணிவு வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

எங்களுக்கு முதலில் கிடைத்த நிலையம் பார்வைக்கு மிக அழகு. சுவரெல்லாம் ஓவியங்கள். ஒரு மாதச் சோதனைக் காலம் என்றார்கள். அது என் மகனுக்கு வைக்கும் பரீட்சை என்றே எண்ணி, அவன் தேறவேண்டுமே என்று வெள்ளிக்கிழமைதோறும் இங்கு வந்து அர்ச்சனை செய்தேன். நிலையத்துக்கும் அதுவே பரீட்சை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவனுக்குப் பேச்சு வராது. வெளியே போக விருப்பமென்றால் செருப்பை எடுத்துவந்து என் மடியில் வைப்பான். மூன்றாம் வாரம் ஒரு நாள் காலையில் செருப்பைக் காணோம். கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தான். அன்று சொல்லாமல் பதினொரு மணிக்குப் போனேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நனைந்த கால்சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஊழியர்களைத் திட்ட மனம் வரவில்லை. அவர்கள் இரண்டே பேர். பார்த்துக்கொள்ள வேண்டியவர்களோ பலர்.

"கிடைச்ச இடத்தை விட்டுடாதேம்மா" என்றார் என் மாமியார். விட்டுவிட்டோம். மறுபடி காத்திருந்த மாதங்களில் நான் வேலையையும் விட வேண்டியதாயிற்று.

அடுத்த நிலையம் பழைய கட்டடம். சேர்ப்பதற்கு முன்பே அங்குள்ள பெண்மணி அரைமணி நேரம் விசாரித்தார்: வலிப்பு வருமுன் எப்படி இருப்பான், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்று எப்படிக் காட்டுவான், வெள்ளிக்கிழமை சைவமா. இம்முறை நாங்களும் கேட்டோம். வேனில் அவன் பக்கத்தில் யார்? அவனைக் கவனிப்பவர் விடுப்பில் போனால் யார்? சோதனைக் காலத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டணம் எவ்வளவு திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். முதல் வாரம் அரை நாள், பிறகு முழு நாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறித்துவந்தேன்: சாப்பாட்டுப் பாத்திரம் காலியா, இரவு தூங்கினானா, காலையில் செருப்பு எங்கே.

முதல் வாரம் அழுதான். புது இடத்தில் யார்தான் அழமாட்டார்கள்! அழுகை நாளுக்கு நாள் குறைகிறதா என்பதையே பார்த்தோம். பதினாறாம் நாள் செருப்பு என் மடிக்கு வந்தது.

நன்கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோகிறீர்கள். அன்று எல்லா நிலையமும் அழகாகத்தான் இருக்கும். காசோலை எழுதுமுன் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சற்று உட்கார்ந்து பாருங்கள். இன்னும் ஓர் ஊழியரை வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று கேளுங்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்த என் மகன் எழுந்து வாசல் பக்கம் போகிறான். செருப்பைத் தேடுகிறான் போலிருக்கிறது. நான் முடித்துக்கொள்கிறேன்.