கல்லூரி முதலாண்டு: வழி வகுக்கும் காலம்

 

நம் ஊர்களில் விடியுமுன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்கு ஒப்பந்த வேலை கிடைப்பது அரிதன்று. அதனைக் குறை கூற நான் வரவில்லை. அவ்வருவாயால் உலை கொதிக்கும் வீடுகளை நான் அறிவேன். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். 2006இல் இங்கு உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆலையை மூடலாம், பெற்ற பட்டத்தை எவரும் பறிக்க முடியாது.

என் மாணவர் ஒருவர் வணிகவியல் பட்ட வகுப்பில் சேர்ந்தார். முதற் பருவத்தில் இரு தாள்களில் தவறினார். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றெண்ணி இரவுப் பணிக்குச் சென்றார். பகலில் உறக்கம், வருகைப் பதிவு குறைந்தது, தேர்வெழுத இயலவில்லை. ஓராண்டில் ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் போயிற்று. அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவருக்கு வழி சொல்ல ஆளில்லை. கல்லூரியில் சேர்த்ததோடு என் கடமை தீர்ந்ததென்று நானும் இருந்துவிட்டேன். அந்த வருத்தமே இன்று என்னைப் பேச வைக்கிறது.

ஆகவே, சேரவேண்டிய இடத்தை முதலிற் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பள்ளி ஆசிரியராக வேண்டுமா? பள்ளியில் கற்பிக்கும் பாடத்தில் பட்டம் வேண்டும்; அதன்பின் பி.எட். நான் படித்த நாளில் அது ஓராண்டு. 2015 முதல் ஈராண்டு. பிறகு தகுதித் தேர்வு. கல்லூரியில் கற்பிக்க வேண்டுமா? முதுகலையில் 55 விழுக்காடு, பட்டியல் இனத்தவர்க்கு 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. அதன்மேல் நெட் அல்லது செட் தேர்வு. எந்த வழியாயினும், முதற்பருவ நிலுவையை அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடியுங்கள்.

பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்படாத பட்டியல் இன மாணவர்க்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை இன்றே ஆயத்தம் செய்யுங்கள். அது பிச்சையன்று, உரிமை.

வறுமை படிப்பை இடைமறித்தால் என் செய்வது? அண்ணல் அம்பேத்கர் அவர்கள், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917இல் இலண்டன் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. புறப்படுமுன், நான்காண்டுக்குள் வந்து தொடர அனுமதி பெற்றுக்கொண்டார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் கற்பித்துப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் சென்றார்; 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். நிற்க நேர்ந்தாலும், திரும்பும் வழியை அவர் அடைக்கவில்லை. நீங்களும் அவசரப்பட்டு மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். துறைத் தலைவரைக் கண்டு பேசுங்கள். இயலாதபோது திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் ஒரு முதலாண்டு மாணவரைத் தம் பொறுப்பில் ஏற்கவேண்டும். பருவத் தேர்வு முடிவு வரும் நாளில் அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கவேண்டும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கூறி அமைகிறேன்.