பண்டிகை விருந்தும் ஒயின் பாட்டிலும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் செயலாளர் இரண்டு நாள் யோசித்தார். "கல்லூரி மேடையில ஒயினாப்பா?" என்றார். நியாயமான கேள்வி. யாரையும் குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. நம் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதே சட்டப்படி தவறு. ஆனால் பிரான்சில் லியோன் நகரத்து ஒயின் கடை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டிசம்பர் வந்தால் காலை முதல் இரவு வரை ஒரே கேள்விதான்: "கிறிஸ்துமஸ் விருந்துக்கு எதை வாங்கலாம்?" ஆராய்ச்சிக்குப் போனவன் கடையில் வந்து நின்ற கதை பெரிய கதை, அது வேண்டாம். என் அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் கடைசிவரை "பழரசக் கடை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

அங்கே டிசம்பர் 24 இரவுதான் பெரிய சாப்பாடு. முதலில் பச்சைச் சிப்பி, புகையூட்டிய சால்மன் மீன், வாத்து ஈரல். பிறகு வான்கோழியோ, விதை நீக்கிக் கொழுக்க வைத்த சேவலோ, கூடவே செஸ்ட்நட். அதன்பின் சீஸ். கடைசியில் மரக்கட்டை வடிவத்தில் செய்த கேக். மூன்று நாலு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இத்தனைக்கும் ஒரே ஒயின் பொருந்துமா? நம்ம பந்தியில் சாம்பாரையே பாயசத்துக்கும் ஊற்றுவோமா?

இங்கேதான் நமது வேதியியல் துணைக்கு வருகிறது. ஒயினில் கவனிக்க வேண்டியவை புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு. சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். கறியோடு அது இதமாக இருக்கும். சிப்பியோடு குடித்தால் வாயில் ஒரு கெட்ட மீன் வாடை கிளம்பும். காரணம் ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். சிப்பிக்கு ஏற்றது எலுமிச்சை பிழிந்தாற்போல் புளிப்புள்ள வெள்ளை ஒயின். லுவார் நதி கடலில் சேரும் பக்கத்திலிருந்து வரும் மஸ்கதே அப்படிப்பட்டது, விலையும் குறைவு.

அடுத்தது ஷாம்பெயின். கேக் வெட்டும்போது ஷாம்பெயின் திறப்பது அங்கே பழைய வழக்கம். எனக்கு அது பிடிக்காத வழக்கம். கடையில் அதிகம் விற்கும் 'ப்ரூட்' வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை. ஜாங்கிரி தின்றுவிட்டுக் காபி குடித்தால் எப்படி இருக்கும்? சர்க்கரை போட்ட காபியே கசக்கும் இல்லையா? அதே கதைதான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாம்பெயின் கேக்குக்குப் பின்னால் வெறும் புளிப்புத் தண்ணீராகிவிடும். அதை விருந்தின் தொடக்கத்தில் கொடுங்கள் என்பேன். கேக்கோடு வேண்டுமென்றால் 'தெமி செக்' வகை, அதில் 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உண்டு.

2003 டிசம்பர் 23, சாயங்காலம். கடையில் நெரிசல். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்தார். கையில் அறுபது யூரோ. மகளைக் கட்டிக்கொடுத்த பின் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வருகிறார்கள், மொத்தம் ஒன்பது பேர். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த போர்தோ சிவப்பு ஒயினைக் காட்டி, "அதைக் கொடுங்கள்" என்றார். விலை 55. அவர்கள் வசதியானவர்கள், லேபிளைப் பார்ப்பார்கள் என்று பயம்.

ஒரு பாட்டில் 750 மில்லி, ஆறு கிளாஸ். ஒன்பது பேருக்கு ஆளுக்கு ரெண்டு மடக்கு. அதுவும் இன்னும் பத்து வருடம் நிலவறையில் தூங்க வேண்டிய இளசு. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். நான் "என்ன சமைக்கிறீங்க?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது, முகமே மாறிவிட்டது. சிப்பி, சேவல், கேக் என்றார். சிப்பிக்கு இரண்டு மஸ்கதே, சேவலுக்கு மூன்று மோர்கோன், கேக்குக்கு இரண்டு கிளாரெட் த தீ. மோர்கோன் லியோனுக்கு வடக்கே பக்கத்து ஊர் ஒயின். கமே திராட்சையில் செய்வது, துவர்ப்பு குறைவு. கிளாரெட் நுரைக்கும், இனிக்கும், போதை குறைவு. ஏழு பாட்டில் போகச் சில்லறையும் மிஞ்சியது.

"சம்பந்தியம்மா என்ன நினைப்பாங்களோ" என்று தயங்கினார். "அடுத்தடுத்து மூணு வகை ஊத்துங்க, லேபிளைப் பார்க்க நேரம் இருக்காது" என்றேன். அவர் போனபின் முதலாளி, "பூட்டின அலமாரியைத் திறக்கிறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்று முணுமுணுத்தார். அந்த மாதம் எனக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. அடுத்த டிசம்பரில் அந்த அம்மாள் மறுபடி வந்தார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. கையில் ஒரு காகிதம், அதில் அன்றைய சமையல் பட்டியல்.

இன்னும் ஒன்று. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் கொடு என்பது ஹீட்டர் வராத காலத்துப் பேச்சு. மோர்கோனுக்கு 14, 15 டிகிரி போதும். நம்ம ஊர் அறையில் வைத்தால் கஷாயம்தான்.

குடிக்காதவரையும் மறக்கக் கூடாது. அங்கே இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் ஆனாலே கார் ஓட்டக்கூடாது. ஓட்டப் போகிறவருக்கும், கர்ப்பிணிக்கும், என்னைப் போல வீட்டு வளர்ப்பால் சுவைத்துத் துப்பிவிடுகிறவனுக்கும் அதே அழகான கிளாசில் திராட்சை ரசம் ஊற்றுங்கள். தண்ணீர் டம்ளரைத் தனியாக நீட்டி ஒதுக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். வெளியே காபி தயார் என்கிறார்கள். ஜாங்கிரியும் வைத்திருக்கிறார்களாம், காபியை முதலில் குடித்துவிடுங்கள்.